அவரே சொல்லட்டும்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில், ஏறக்குறைய நான்கு வருடம் ஓர் ஆன்டி இருந்தார். அவரிடம் ஒரு பழக்கம். புருஷனிடம் ஏதாவது கேட்டுவிட்டால் பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

சொல்லும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கிளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது. அடியோடு போய்விடவில்லை. ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுவர அவருக்கு மூன்று நிமிடம் ஆகும். சில நாள் பத்து நிமிடம். சில நாள் வராமலே போகும். அந்த நேரம் முழுக்க ஆன்டி அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்.

"கோப்பியா, டீயா?" என்று கேட்பார். அடுப்பில் தண்ணீர் கொதித்து, மூடி தடதடவென்று ஆடும். நான் எப்போதாவது அங்கே உட்கார்ந்திருந்தால் பொறுமை போய்விடும். நேற்றும் கோப்பிதானே குடித்தார், அதையே போட்டுவிடுங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நேத்து குடிச்சது நேத்தோடலா தம்பி," என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவேன். திரும்பியதும் படுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது. அங்கிளைத் தூக்கிவிட ஆள் வேண்டி ஆன்டி என் கதவைத் தட்டும் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு தட்டு, பிறகு ஒன்று. சில நாள் தூங்குவதுபோல அசையாமல் கிடந்திருக்கிறேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஒருமுறை கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு அவர்களை என் காரில் அழைத்துப் போனேன். டாக்டர் சின்னப் பெண். அங்கிளுக்கு எங்கே வலிக்கிறது என்று ஆன்டியிடம் கேட்டார். அவரையே கேளுங்கள் என்றார் ஆன்டி. டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு கணினியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி ஆன்டியைப் பார்த்தார். வெளியே பத்துப் பதினைந்து பேர் நம்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிள் உதடு இழுத்துக்கொள்ள, கழுத்து நரம்பு புடைக்க, கடைசியில் "தோ...ள்" என்றார். ஆன்டி அதன்பிறகுதான் வாயைத் திறந்து, எந்தத் தோள், எத்தனை நாளாக என்று டாக்டருக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது காரின் பின்னால் உட்கார்ந்து, "தெரியும் தம்பி, தோளுன்னு எனக்குத் தெரியும். ராத்திரில்லாம் நான்தானே தேய்ச்சி விடறேன்," என்றார்.

அவரைப் புனிதவதி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அலுப்பு இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்த பை தொங்கும். ஒருநாள் அப்படிக் காத்து நின்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, புகைநாற்றம் என் வீடுவரை வந்த பிறகுதான் நான் ஓடினேன். அங்கிள் சக்கர நாற்காலியில் இருந்து ஆன்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்ப அவருக்குச் சொல் வரவில்லை. அடுப்பை நான்தான் அணைத்தேன். ஆன்டி விழித்து, பாத்திரத்தைப் பார்த்து, "சில நாளு ஒண்ணுமே கேக்காம ஊட்டிவிட்டுட்டு போய் படுத்துரலாம்னு இருக்கு," என்று அங்கிளுக்குக் கேட்கும்படியே சொன்னார். சொல்லிவிட்டு வேறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவராகத்தான் ஒருநாள் சொன்னார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. அங்கிள் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அங்கிள் அந்தக் காலத்தில் நிறையப் பேசுவாராம். ஒரு போல்ட்டைப் பற்றி ஆரம்பித்தால் அது எந்த ஊரில் செய்தது என்பதில் போய் நிற்பாராம்.

"நான் கேட்டதே இல்ல தம்பி. பாதி வார்த்தையிலயே வெட்டிருவேன். சரி சரி, தெரியும், அதானே, அப்படின்னு நானே சொல்லி முடிச்சிருவேன். கோயிலுக்கு போனா எல்லாரும் சிரிப்பாங்க, இவருக்கு வாயே தேவையில்லன்னு." துணிக்குக் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "அப்புறம் நெஜமாவே போயிருச்சி."

அங்கிளின் பழைய கார் விஷயத்துக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் இருந்தவர்கள், சக்கர நாற்காலி வந்த பிறகு கீழ்வீடு தேடி இங்கே வாடகைக்கு வந்தார்கள். வீட்டுச் சாமான்களுக்குப் பின்னால் ஓர் இழுவை லோரியில் அந்தக் காரும் வந்து இறங்கியது. அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த சின்னக் கார், கரும்பச்சை. முன்மூடி கழற்றப்பட்டு பின்சீட்டில் படுத்திருந்தது. ராடியேட்டரும் வெளியே. இரண்டாவது கியர் போட்டால் தானாக வெளியே வந்துவிடுகிறதென்று, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கிப் பார்க்க அங்கிள் வேலையை ஆரம்பித்திருந்தார். ராடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன இடத்தில்தான் விழுந்தார்.

அப்படியே கித்தான் போர்த்தி எங்கள் கார் நிறுத்துமிடத்தில் மூன்று வருடம் கிடந்தது. கீழே பூனை குட்டி போட்டது. அடுக்குமாடி நிர்வாகக் குழு ஓடாத கார்களை அப்புறப்படுத்தப்போவதாக ஒரு தாளை ஒட்டியது. ஜொகூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டு, காரை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிடும்படி சொன்னாள். அதற்கு முன்பும் சொன்னவள்தான். இந்தமுறை ஆன்டிக்கே சரி என்று தோன்றியிருந்தது. எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு தட்டு, ஒரு தட்டிலிருந்து எனக்கும் விடுதலை கிடைக்கும்.

ஆன்டி நாற்காலிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கார வித்துரலாமாங்க?" என்று கேட்டார். காலையில் கேட்டது. நான் வேலை முடிந்து வந்தபோதும் பதில் வரவில்லை. இடையில் எழுந்து சமைத்திருக்கிறார், கழுவிவிட்டிருக்கிறார், மறுபடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிள் இடது கையைத் தூக்கி, "எஞ்சின்," என்றார்.

"எஞ்சின எறக்கணுமா?"

தலையாட்டினார்.

அதற்கு மேல் யாரும் ஆன்டியிடம் பேச முடியவில்லை. குழுத் தலைவரைப் பார்த்து மூன்று வாரம் தவணை வாங்கிவந்தார்.

மறுநாளிலிருந்து தினமும் வெயில் தாழ்ந்ததும் நாற்காலியைக் காரின் நிழல் பக்கம் நிறுத்துவார். அங்கிளின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அறுபது தாண்டிய மனுஷி, எஞ்சினுக்குள் தலையை விட்டார். இரண்டு ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுவார். எது என்று கேட்பார். ஒவ்வொன்றாக நீட்ட, அங்கிள் எதற்கு இடது கட்டைவிரலைத் தூக்குகிறாரோ அதை எடுப்பார். ஒரு குழாயைத் தொட்டு, இதுவா என்பார். காத்திருப்பார். பேட்டரி வயர், பெட்ரோல் குழாய், ஆக்ஸிலேட்டர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் அப்படித்தான் வந்தன. ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. கழற்றியதை பிஸ்கட் டின்னில் போட்டு மூடியில் எழுதிவைத்தார். மருந்துப் பொட்டலம் எழுதிய கை.

காருக்கு அடியில் படுத்துச் செய்ய வேண்டியவற்றை நான் செய்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றியது நான்தான். மல்லாந்து கிடக்கும்போது கண்ணில் மண் கொட்டும். மேலே ஆன்டியின் குரல் கேட்கும், பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் இரண்டு தடவை நான் காருக்கு அடியிலேயே தூங்கியிருக்கிறேன்.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை மணியம் வந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவன், எனக்குப் பழக்கம். முதலாளியின் லோரியில் சக்கரம் வைத்த எஞ்சின் தூக்கியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மூன்று மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டான். மழையும் இருட்டிக்கொண்டு வந்தது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகவே மேலே வந்தன. மணியம் தூக்கியின் பம்புக் கையை அடிக்க அடிக்கச் சங்கிலி விறைத்தது, காரின் மூக்கு நிமிர்ந்தது, அந்த நீளமான கறுத்த இரும்பு சாய்ந்தபடி மெதுவாக வெளியே வந்தது. நான் அதன் வால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். தரையில் போட்டிருந்த பழைய டயர்கள்மேல் இறக்கினோம். அங்கிள் வாயை லேசாகத் திறந்துகொண்டு பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இனி இரண்டையும் பிரிக்க வேண்டும். ஸ்டார்ட்டரைக் கழற்றினோம். சுற்றியிருந்த போல்ட்டெல்லாம் எடுத்தாயிற்று. நானும் மணியமும் கியர்பாக்ஸைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. ஆட்டிப் பார்த்தோம். மணியம் ரப்பர் சுத்தியலால் தட்டினான். ஒரு நூல் இடைவெளி விட்டது, அதற்குமேல் வரவில்லை. மணி இரண்டரை. மணியம் லோரியிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தான்.

"வேணாம்," என்றார் ஆன்டி. "அவர கேக்கறேன்."

"ஆன்டி, லோரிய திருப்பி குடுக்கணும்லா. பாஸ் ஏசுவாரு."

ஆன்டி அங்கிளிடம் போனார். நாற்காலிக்கு முன்னால் குனிந்து, இன்னும் எங்கே பிடித்திருக்கிறது என்று கேட்டார். நாங்கள் நின்றோம். மணியம் கடப்பாரையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். தூரத்தில் இடி கேட்டது.

"மே...ல," என்றார் அங்கிள்.

மணியம் மேலே விரல்விட்டுத் தடவினான். அங்கே இருந்ததை முதலிலேயே எடுத்திருந்தோம். வெறும் ஓட்டைதான். இல்லை அங்கிள் என்றான். அங்கிள் மறுபடி, "மேல," என்றார். நானும் தடவினேன். இல்லை. "மேல, மேல." முகம் சிவந்து, இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. ஆன்டி துடைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். எங்கேயாவது போய்விட வேண்டும்போல் இருந்தது.

ஆன்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பழந்துணியால் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். எத்தனையோ வருடத்து எண்ணெயும் மண்ணும் அடை அடையாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். அங்கே, ஸ்டார்ட்டர் இருந்த இடத்துக்குக் கீழே, ஒரு போல்ட்டின் தலை.

எழுந்து எங்களைப் பார்த்து, "கீழன்னுதான் சொல்லியிருக்காரு. நமக்குத்தான் மேலன்னு கேட்டிருக்கு. இங்க பாருங்க," என்றார்.

மணியம் உட்கார்ந்து அதைக் கழற்றினான். பிறகு கியர்பாக்ஸ் வெண்ணெயில் இருந்து கத்தி வருவதுபோல வந்தது. அதன் எடை தண்டில் தொங்கி கிளட்ச் தகடு வளைந்துவிடாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து, அட்டைமேல் வைத்தோம். மணியத்துக்கு ஒரே சந்தோஷம். அங்கிளின் தோளைத் தட்டி, மூளை இன்னும் மெஷின் மாதிரி ஓடுது அங்கிள் என்றான். மழை விழ ஆரம்பித்தது. கித்தானை இழுத்து மூடிவிட்டு, லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அங்கிள் கியர்பாக்ஸைப் பார்க்கவில்லை. ஆன்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அவர் ஆன்டிக்குப் பதில் சொல்லவில்லை. சொல் வராமல் இல்லை. முயற்சியே செய்யவில்லை. கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊட்டினால் சாப்பிட்டார், திருப்பிப் படுக்கவைத்தால் படுத்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் அப்படியே போயின. புதன்கிழமை ஆன்டி வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். உள்ளே வரவில்லை. செருப்பு அடுக்கும் பலகைமேல் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிள் மேலே என்றுதான் சொன்னார் என்பது எனக்கும் தெரியும் என்றேன். நல்லதுக்குத்தானே சொன்னீர்கள், அவரும் நாலு பேர் முன்னால் வெட்கப்பட வேண்டாமே என்றேன்.

"மூணு வருஷத்துல இப்பதான் தம்பி அவருக்கு பதிலா பேசிட்டேன். பழைய மாதிரியே." கையில் நகத்திடுக்கில் இன்னும் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவரு தப்பா சொன்னா, அது தப்பாதானே இருக்கணும். அதையும் புடுங்கிட்டேன்."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அவர் எழுந்து போகும்போது, மணியம் கியர்பாக்ஸை எடுத்துப் போக எப்போது வருவான் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். மழைக்கு நான் உள்ளே இழுத்துவைத்த கியர்பாக்ஸ் அவர்கள் வீட்டு ஹாலில் அட்டைமேல் இருந்தது. நாங்கள் தூக்கக் குனிந்தபோது ஆன்டி கொஞ்சம் நிற்கச் சொன்னார். அங்கிளின் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்," என்றார். "அவரு மேலன்னுதான் சொன்னாரு. மேல ஒண்ணும் இல்ல. கீழ இருந்தத நான் பாத்தேன்."

மணியம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். பரவாயில்லை ஆன்டி, எப்படியோ வந்துவிட்டதே என்றான்.

"பரவாயில்லன்னு சொல்லாத மணியம். அவரு சொன்னது தப்பு. நான் சொன்னது பொய். அவருக்கு முன்னாடி சொல்லணும்னுதான் நிறுத்தினேன்."

 வெளியே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்தார்கள், அது கிளம்பிப் போயிற்று. அங்கிளின் முகம் வேலை செய்ய ஆரம்பித்தது. உதடு இழுத்தது. நான் மணியத்தின் கையைப் பிடித்தேன், பேசிவிடப்போகிறானோ என்று. அவன் பேசவில்லை. மெல்ல அப்படியே குந்திவிட்டான். ஐந்து நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம்.

"தப்பு," என்றார் அங்கிள். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கை உயர்ந்தது. இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. காத்திருந்தோம்.

"வேற... காரு."

ஆன்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்த காருங்க?"

அவர் கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருந்த ஒரு வெள்ளைக் காராம். அதில்தான் மேலே, கை எட்டாத இடத்தில், ஒரு போல்ட் மறைந்திருக்குமாம். பந்திங் போகும் வழியில் அது நின்றுபோய், மழையில் படுத்து அவர் தனியாகக் கழற்றினாராம். இவ்வளவும் ஏழெட்டுச் சொல்லில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவரோடு முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய ஆன்டிக்கு அப்படி ஒரு கார் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும். அங்கிள் எத்தனையோ தடவை அதைச் சொல்ல ஆரம்பித்திருப்பார் என்று ஆன்டி என்னிடம் பிறகு சொன்னார்.

மணியம் அன்றைக்குப் பட்டறைக்குத் தாமதமாகத்தான் போனான்.

கியர்பாக்ஸ் சரியாகி வர இரண்டு மாதமானது; ஆன்டி குழுத் தலைவரிடம் மறுபடி போய்த் தவணையை நீட்டி வாங்கினார். எஞ்சினோடு சேர்த்து ஏற்றினோம். கார் ஓடியது. பெரிதாக ஒன்றும் இல்லை, அடுக்குமாடியைச் சுற்றி நாலைந்து சுற்று, ஒருமுறை கிள்ளான்வரை. மணியம் ஓட்ட, அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து போனார். அந்த வருடக் கடைசியில் மகள் வந்து இரண்டு பேரையும் ஜொகூருக்கு அழைத்துப் போனாள். காரை மணியமே வாங்கிக்கொண்டான். அங்கிளிடம் கேட்டு, பதில் வாங்கித்தான் வாங்கினான். எதிர்வீட்டில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். யாரும் என் கதவைத் தட்டுவதில்லை. மத்தியானத்தில் நன்றாகத் தூங்குகிறேன்.

போன மாதம் ஆன்டி போன் செய்தார். துறைமுக வாசலில் லோரி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிள் போய் ஒரு வாரம் ஆகிறது என்றார். அடக்கமெல்லாம் முடிந்துவிட்டது, தூரம் என்பதால் உனக்குச் சொல்லவில்லை என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எப்போதும்போலக் களைத்து. வேறென்ன கேட்பதென்று தெரியாமல், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டுவிட்டேன்.

"காலையில ஃபேன கொறைக்கவான்னு கேட்டேன் தம்பி," என்றார். "பதிலு வர்றதுக்குள்ள போயிட்டாரு."

எனக்கு முன்னால் இருந்த லோரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்தப் பக்கம் ஆன்டி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.